சாண்டல் கலருக்குப் பின்னால் ஒளியாதீர்கள்!

கம்பத்தில் பஸ் ஏறி, சன்னலோரம் இடம் பிடித்து, தேனி வரை வெளியே பார்த்துக்கொண்டே வாருங்கள். உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி... வயலில் பச்சை, வாழையில் பச்சை, தென்னையில் பச்சை, பந்தலுக்கு மேலே திராட்சைக் கொடியும் பச்சை. இத்தனை பச்சைக்கு நடுவே புதிதாக எழும்பி நிற்கும் வீடுகளைப் பாருங்கள். சாண்டல், க்ரீம், வெளிர் சாம்பல். மறுபடியும் சாண்டல். லட்சக்கணக்கில் கடன் வாங்கி வீடு கட்டத் துணிந்த மனிதருக்கு, ஒரு டப்பா பெயின்டைத் தேர்ந்தெடுக்கும்போது கை நடுங்குகிறது!

ஏன்? "நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" யார் அந்த நாலு பேர்? உங்கள் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களா? சித்தாள் வராத நாளில் செங்கல் சுமந்தவர்களா? கிரகப்பிரவேசத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள். அவ்வளவுதான். அவர்கள் வாய்க்குப் பயந்து உங்கள் சுவரை ஏன் ஊமையாக்க வேண்டும்?

நிறத்துக்கு அஞ்சுகிற கூட்டமா நாம்? சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் அக்கினிச்சட்டி ஏந்தி வருகிறவர்களைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்தக் காலத்து வீட்டில் சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து சுவருக்கு அடித்தார்கள். அடியில் காவிப்பட்டை இழுத்தார்கள். வாசல்நிலையில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். எந்த டிசைனரையும் கேட்கவில்லை. கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் மாறி மாறி நிற்கிற பட்டைகள் தோப்புக்கு அப்பாலிருந்தே கண்ணைப் பிடித்து இழுக்கும்.

ஆண்டிபட்டி சக்கம்பட்டியில் நெய்த சேலையை விரித்துப் பாருங்கள். உடல் எந்த நிறமானாலும் சேலைக்கு முகம் கொடுப்பது பார்டர். வீட்டுக்கும் வேண்டியது அப்படி ஒரு பார்டர்தான். இது வெறும் ரசனைப் பேச்சல்ல. பாரிஸ் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் செவ்ரூல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் எடுபடவில்லை, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்தார். சாயத்தில் கோளாறில்லை, பக்கத்தில் ஓடிய நூலின் நிறம்தான் கறுப்பை மங்கவைத்திருந்தது. ஒரு நிறத்தை ஏற்றுவதும் இறக்குவதும் அண்டை நிறமே என்று 1839-ல் புத்தகமே போட்டுவிட்டார். பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு வந்தால் இரண்டும் சேர்ந்து துள்ளும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை பச்சையை வைத்துக்கொண்டு, அதில் ஒரு காவிச் சுவரை நிறுத்தத் தயங்குகிறோமே!

மொராக்கோ நாட்டு மராகேஷில் மஜோரெல் என்ற ஓவியர் 1923-ல் நிலம் வாங்கித் தோட்டம் போட்டார். 1937-ல் தன் கட்டடத்துக்கு அடர்நீலம் பூசினார். ஊர் முழுக்கச் செம்மண் நிறம். இவர் சுவர் மட்டும் நீலம். கள்ளியும் மூங்கிலும் அந்த நீலத்தின் முன்னே நிற்கிற அழகைப் பார்க்க இன்று உலகமே டிக்கெட் வாங்குகிறது. அந்த நீலத்துக்கே அவர் பெயர்தான்!



நிறத்தை மொபைலில் தேடாதீர்கள், ஊரில் தேடுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையின் கருநீலம் இருக்கிறது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடித்தபின் திராட்சை இலையில் காய்ந்து நிற்கும் வெளிர்நீலம் இருக்கிறது. காவி இருக்கவே இருக்கிறது. காவி என்பது இரும்பு ஆக்சைடு. எந்த வெயிலிலும் லேசில் வெளுக்காது. பளீர் ரோஸிலும் ஊதாவிலும் பல, சில கோடையிலேயே சோர்ந்துபோகும். நம் பாட்டன்மார் விவரமில்லாமல் காவியை எடுக்கவில்லை.

ஒரே ஒரு நிறம். ஒரே ஒரு இடம். வாசற்கதவு, அல்லது கேட், அல்லது செடிகளுக்குப் பின்னால் நிற்கிற காம்பவுண்டுச் சுவர். ஆரஞ்சு, ஊதா, கிளிப்பச்சை என்று எலிவேஷன் முழுக்கப் பூசுவதைத் துணிச்சல் என்று நான் சொல்ல மாட்டேன். முடிவெடுக்கத் தெரியாத தடுமாற்றம் அது. மேற்கு வெயில் அறைகிற படுக்கையறைச் சுவரில் அடர்நிறம் வேண்டாம், உள்ளே புழுங்கும். காவிச் சுவர் என்றால் முன்னால் நந்தியாவட்டையும் வெள்ளை அரளியும் வையுங்கள். பொழுது சாய்ந்து இலையெல்லாம் கறுத்துப்போன பிறகும் அந்த வெள்ளைப் பூக்கள் தனித்து நிற்கும். அதே சுவருக்கு முன்னால் சிவப்புச் செம்பருத்தியை வைத்தால் பூ சுவரோடு சுவராகிவிடும். நீலச் சுவருக்குச் செண்டுமல்லியும் மஞ்சள் அரளியும் பொருத்தம்.

வாஸ்துக்காரர் ராசிக்கு நிறம் சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள். பெயின்டர் "எல்லாரும் இதைத்தான் சார் அடிக்கிறாங்க" என்பார், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவு உங்களுடையது. தினமும் காலையில் கேட்டைத் திறக்கப்போவது நீங்கள்தானே!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போங்கள். வீடு மொத்தத்துக்கும் வாங்க வேண்டாம். ஒரு லிட்டர் எக்ஸ்டீரியர் எமல்ஷன் போதும். காம்பவுண்டுச் சுவரில் மூன்றடிக்கு மூன்றடி பூசுங்கள். காலையில் பாருங்கள், உச்சி வெயிலில் பாருங்கள், மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியதும் பாருங்கள். மூன்று வேளையும் பிடித்திருந்தால், ஆனி, ஆடிச் சாரல் பிடிப்பதற்குள் முழுச் சுவரையும் அடித்து முடித்துவிடுங்கள்.