பூசலார் போட்ட அடித்தளம்

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்ரயிலில் நெமிலிச்சேரிக்கு அடுத்த நிலையம் திருநின்றவூர். நாயன்மார்களில் ஒருவரான பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பிய ஊர். கிழக்கே ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, அதையும் தாண்டினால் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1960களிலிருந்தே இரும்போடும் நெருப்போடும் பழகிய கைகள் நிறைந்த வட்டாரம் இது. பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காக வெல்டிங் பழகி, அலுமினியத்தில் ஓர் ஏணியோ வண்டிக்கு ஒரு கேரியரோ செய்து பார்க்கிறவர்களிடையே உலகெங்கும் ஒரு வழக்கு ஓயாமல் நடக்கிறது: டிக்கா (TIG), மிக்கா (MIG)? நம் பட்டறைப் பேச்சில் டிக்குக்கு ‘ஆர்கான் வெல்டிங்’ என்றே பெயர். ஒரு கையில் டார்ச், மறு கையில் ஃபில்லர் ராடு, காலடியில் பெடல் என உடம்பு முழுவதும் அதில் ஈடுபட வேண்டும். மிக்கிலோ விசையை அழுத்தினால் வயர் தானே வந்து உருகும். ஆகவே டிக்தான் உண்மையான வேலை, மிக் குறுக்குவழி என்று பலர் தீர்த்துவிடுகிறார்கள். கருவியைப் பற்றித் தொடங்கிய பேச்சு இங்கே அறத்தைப் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது. கடினமான வழியில் செய்வதால் மட்டும் ஒரு வேலை தூய்மை பெறுமா? பெறாது என்பதே என் கருத்து.

முதல் சாட்சி உலோகம். அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகிவிடும். அதன்மேல் தோல்போலப் படியும் ஆக்சைடோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்கிற குணமும் அலுமினியத்துக்கு இல்லை; பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழும். டிக்கில் மாறுமின்னோட்டத்தின் ஒரு பாதி அந்தத் தோலை உடைக்க, மறுபாதி உலோகத்தை உருக்குகிறது. மிக்கில் வயர் நேர்மின் முனையாக இருப்பதால் தோல் இடைவிடாமல் உடைகிறது. டிக் 1941இல் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் மக்னீசியத்தை இணைப்பதற்காக உருவானது. மிக் 1948இல் பேட்டல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தபோது அதன் முதல் நோக்கமே அலுமினியம் போன்ற இரும்பல்லாத உலோகங்கள்தாம். மெல்லிய தகட்டுக்கு டிக்கின் நிதானம் வேண்டும். தடித்த பட்டையில் நீண்ட இணைப்பு போடும்போது அதே நிதானம் கேடாகிறது. வெப்பம் பரவப் பரவ, 6061 டி6 போன்ற பதமேற்றிய கலவையில் இணைப்பை ஒட்டிய பகுதி ஐந்தில் இரண்டு பங்கு வலிமையை இழக்கக்கூடும். மெதுவாகப் போகிறவர் அந்த நலிந்த பட்டையை அகலமாக்குகிறார்.

கருவி எளிதானால் மனம் சோம்பிவிடாதா என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். நீர் இறைக்கும் ஏற்றத்தை மறுத்த தோட்டக்காரரின் கதை ஜுவாங்சி என்ற பழைய சீன நூலில் வருகிறது: எந்திரம் வைத்திருப்பவனுக்கு எந்திர மனம் வந்துவிடும் என்று அவர் அஞ்சினார். எந்திரங்களைக் கடுமையாகக் கண்டித்த காந்திகூட 1924இல் சிங்கர் தையல் எந்திரத்துக்கு விலக்கு அளித்தார். அது அன்பினால் கண்டுபிடிக்கப்பட்டது என்பது அவர் சொன்ன காரணம். இந்த இருவரில் காந்தியின் அளவுகோலையே நான் ஏற்கிறேன், ஏனென்றால் எந்திரம் யாருக்காக உழைக்கிறது என்பதை அது கேட்கிறது. மிக்கில் கவனம் செத்துப்போவதும் இல்லை, இடம் மாறுகிறது. மெத்தென்ற அலுமினிய வயர் வழியில் சிக்காமல் உருளைகளைப் பதமாக இறுக்குவது, குளிர்ந்த உலோகத்தில் தொடங்கும் முதல் அங்குலம் ஒட்டாமல் மேலே படிந்து நின்றுவிடும் என்று தெரிந்து அதற்கு வழி செய்வது, இவையெல்லாம் விசையை அழுத்துமுன் முடியவேண்டிய வேலைகள்.

யாரும் காணாத இந்த ஆயத்த வேலையில்தான் பூசலார் எனக்கு முக்கியமாகிறார். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் வரலாற்றில் பூசலார் மனக்கோயிலை மேலானதென்று தேர்ந்துகொள்ளவில்லை. கல்லில் கட்டவே விரும்பினார். பொருள் தேடி அலைந்தும் கிடைக்காததால் மனத்தில் கட்டினார். அங்கேயும் நல்ல நாள் பார்த்து, அடித்தளம் இட்டு, மதிலும் கிணறும் குளமும் அமைத்தார். நினைவில் நிற்கும் கோயிலுக்கு அடித்தளம் எதற்கு? விட்டிருந்தால் யாரும் கண்டிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை. காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னர் காடவர்கோனின் கனவில் வந்த இறைவனும் அந்தக் கோயிலைத் தள்ளவில்லை, குடமுழுக்கை வேறு நாளில் வைத்துக்கொள்ளும்படிதான் சொன்னார். மனமா கல்லா என்ற கேள்வியை அந்தக் கதை எழுப்பவே இல்லை என்று நான் வாசிக்கிறேன்.

பலனை எண்ணாதே என்று கீதை சொல்லும்போது இணைப்பு நிற்குமா என்று கவலைப்படுவது பற்றுதானே என்று இன்னொருவர் கேட்கலாம். தனக்கு வரும் பாராட்டின்மேல் வைக்கும் ஆசையும், பிறர் உடம்புக்கு நேரப்போவதை எண்ணும் அக்கறையும் ஒன்றல்ல. டிக்கின் வரிவரியான அழகைப் படம் பிடித்துக் காட்டும் ஆவல் முதல் வகை. அசிட்டோனால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பிறகு அலுமினியத்துக்கென்றே தனியே வைத்த எவர்சில்வர் பிரஷ்ஷால் தோலைத் தேய்ப்பது இரண்டாம் வகை. பிசுக்கும் ஈரமும் ஹைட்ரஜனாக உருகிய உலோகத்தில் கரைந்து, அது உறையும்போது உள்ளே குமிழிகளாகத் தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. டிக்காரருக்கும் மிக்காரருக்கும் இந்தத் துடைப்பில் சலுகை கிடையாது. ஏணியைத் தொடுமுன் இரண்டு கழிவுத் துண்டுகளை அதே முறையில் இணைத்து, வைஸில் பிடித்து, முறிகிறவரை வளைத்துப் பார்க்கலாம். முறிந்த வாயில் குமிழி இருந்தால், மீண்டும் துடைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.