தொடாத காசு

போன தைப்பூசத்துக்குச் சிவன்மலைத் தேர் பார்க்கக் காங்கேயம் போயிருந்தேன். மாமா வீட்டில் ஒரே மௌனம். கொப்பரைக் களத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். இரண்டு நாளாகப் பேரனோடு பேசவில்லையாம். பையனுக்கு வயது ஒன்பது!

குற்றம் என்ன? தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010-ஐக் குறித்து அரசு அடித்த 1000 ரூபாய் வெள்ளி நாணயத்தை டப்பாவிலிருந்து எடுத்துக் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டான். "காசுதானுங்க அப்புச்சி, தொட்டா என்னங்க?" என்று வேறு கேட்டிருக்கிறான்.

அது 'புரூஃப்' நாணயம். அச்சுக்கு மெருகேற்றி, ஒரு தடவைக்கு மேல் அழுத்தி அடிப்பார்கள். தரை கண்ணாடி மாதிரி மின்னும், உருவம் மட்டும் பனி படிந்த மாதிரி தெரியும். கடைக்குப் போகிற காசு அல்ல. நாணயச்சாலைக்கு முன்பணம் கட்டிப் பதிவு செய்து, அதில் போட்டிருக்கும் மதிப்பைவிட அதிக விலைக்கு வாங்க வேண்டும். விரல் பட்டால் வியர்வை வெள்ளியில் கறையாக ஊறிவிடும். துடைக்கலாமே என்பீர்கள். துடைத்தால் மயிரிழைக் கீறல் விழும், மதிப்பு இன்னும் இறங்கும்.

பி.காம். முதல் வருஷத்தில் பணத்துக்கு நாலு வேலை என்று மனப்பாடம் செய்தேன். பரிமாற்றம், அளவுகோல், கடனுக்குக் கணக்கு, சேமிப்பு. கைமாற முடியாத இந்தக் காசுக்கு முதல் வேலையே கிடையாது. அப்புறம் அது என்ன காசு?

காமராஜருக்கு, அண்ணாவுக்கு, நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியத்துக்கு என்று நூற்றாண்டு நாணயங்கள் வந்தன. அவற்றில் ஐந்து ரூபாய்க் காசுகள் நம் எல்லார் கைக்கும் வந்தவைதான். அண்ணாவைக் கொடுத்து டீ குடித்தோம், பஸ் ஏறினோம். யார் அதிகம் நினைவில் நிற்கிறார்? பலர் கைபட்டு மூக்குத் தேய்ந்தவரா, டப்பாவுக்குள் பளபளப்பவரா? 'தேய்ந்தவர்' என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் டீக்கடையில் சில்லறையை யார் திருப்பிப் பார்க்கிறோம்? மாமா பார்க்கிறார். வாரம் ஒருமுறை, பூதக்கண்ணாடி வைத்து.

கோயமுத்தூர் வெள்ளலூரில் 1842-இல் ரோமானிய வெள்ளிக்காசுகள் புதையலாகக் கிடைத்தன. யாரோ புதைத்து வைத்து, திரும்பி வந்து எடுக்காமலே போயிருக்கிறார்கள். அவர்கள் செலவு செய்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்காது. பதுக்கியவனின் பயம்தான் நமக்குச் சரித்திரம்! ஆனால் மாமாவின் காசில் யாருடைய பயமும் இல்லை, பயணமும் இல்லை. புழங்காமல் இருப்பதற்கென்றே பிறந்த காசு அது.

சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி உண்டு. பக்தர் ஒருவரின் கனவில் வரும் பொருளை, பூப்போட்டு உத்தரவு கேட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். சாதாரணப் பொருளாகக்கூட இருக்கும். உள்ளே போனதும் கும்பிடுகிறோம். அடுத்த பொருள் வந்தால் பழையது வெளியே வந்துவிடும். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. மாமாவின் பெட்டியிலிருந்து எதுவும் வெளியே வருவதில்லை.

இதை அவரிடமே சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"மாப்ளே, களத்துல காயப்போட்டது, கணக்குல எழுதினது எல்லாம் வந்த வேகத்துல போயிருச்சு. உங்க அத்தையும் போயிட்டா. ஒண்ணாச்சும் வந்தது வந்தபடி இருக்கட்டும்னு பார்த்தேன், தப்புங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. பொருளைக் காப்பாற்றுவதற்காகப் பையனிடம் பேசாமலிருப்பது தப்பு என்று மட்டும் தெரிந்தது. அதைச் சொன்னேன். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

வெயிலில் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபுரத்துக்குப் பக்கத்தில் குட்டி ரேகை, வளையம் வளையமாக.

"அவனுக்கே குடுத்தரலாமுங்களா? செலவு பண்ணிப்போடுவானா?"

"எந்தக் கடைக்காரன் மாமா வாங்குவான்?"

மாமா சிரித்துவிட்டார். உள்ளே திரும்பி, "கண்ணு, இங்க வா சாமி" என்று கூப்பிட்டார். பையன் உடனே வரவில்லை.