பயிற்சியாளர் சொல்லும் இளைஞர் துணிவும்

கடிந்து திருத்துவது சிறந்ததா, அன்பு காட்டித் திருத்துவது சிறந்ததா என்னும் வினா ஆசிரியத் தொழிலைப் போலவே பழமையானது. நாம் பணியில் இருந்த காலத்தில் ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களில் ஆண்டுதோறும் இதனையொட்டி ஒரு பட்டிமன்றமாவது நடைபெறும். இரு அணியினரும் கைதட்டல் பெற்றுச் செல்வர். வினா மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் கழித்து, அமெரிக்காவில் மகள் இல்லத்தில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தபோது, சற்றும் எதிர்பாராத இடத்திலிருந்து அவ்வினா மீண்டும் நம் முன் வந்து நின்றது. பேரன் தொலைக்காட்சியில் கண்டு மகிழும் அமெரிக்கக் கால்பந்தாட்டமே அவ்விடம்.

பெயர்தான் கால்பந்து. காலால் உதைப்பது குறைவு; மனிதர் மனிதரை மோதி வீழ்த்துவதே மிகுதி. தொடக்கத்தில் நாம் அதனைக் காணவும் விரும்பவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆயினும் பேரன் பொறுமையுடன் விளக்க விளக்க, அவ்வாட்டத்தில் ஒருவருடைய நிலை நம் கருத்தைக் கவர்ந்தது. அவர் குவார்ட்டர்பேக் எனப்படுபவர். பதினொருவர் கொண்ட அணியில் ஏறத்தாழ ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் அவர் கைக்கே வருகிறது. வந்த மூன்று நொடிகளுக்குள் யாருக்கு எறிவது, எப்போது எறிவது, எறியாமல் விடுவதா என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். அதற்குள் மலை போன்ற உடல் படைத்தோர் சிலர் அவரை வீழ்த்தப் பாய்ந்து வருவர். எறிந்த பந்தை எதிரணியினர் இடைமறித்துக் கவர்ந்துவிட்டால் அப்பிழையைப் பல்லாயிரவர் நேரிலும் பல இலட்சம் பேர் தொலைக்காட்சியிலும் காண்பர். இத்துணைப் பொறுப்பும் சில வேளை இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் தலைமீது வைக்கப்படுகிறது.

அத்தலையின் கவசத்துக்குள் ஒரு சிறு வானொலிக் கருவியும் இருக்கிறது! 1994 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாடு இது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பயிற்சியாளர் களத்தின் ஓரத்திலிருந்து அதன் வழியே கூறுவார். ஒரு நகர்வு முடிந்து மறு நகர்வு தொடங்குவதற்கு வழக்கமாக 40 நொடி அவகாசம். அதில் 15 நொடி எஞ்சியிருக்கும்போது கருவியின் தொடர்பு துண்டிக்கப்பட்டுவிடும். அதன் பிறகு பயிற்சியாளர் எத்துணை உரக்கக் கூவினாலும் அக்கருவி வழியே இளைஞர் செவிக்கு எட்டாது. "இனிமேல் அவர் பாடுதான், பாட்டி" என்றான் பேரன். இதைக் கேட்டதும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். தேர்வறை வாயிலில் மாணவியரை விட்டுவிட்டு வெளியே நின்ற நாள்கள் எத்தனை!

ஜாரெட் காஃப் என்னும் ஆட்டக்காரரின் வரலாறு இதனால்தான் நம் மனத்தில் தங்கிவிட்டது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பயின்ற அவரை, 2016-ஆம் ஆண்டு நடந்த தேர்வில் எல்லோருக்கும் முதலாவதாக ராம்ஸ் என்னும் அணி எடுத்துக்கொண்டது. அவ்வணி அவ்வாண்டுதான் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு இடம் மாறியிருந்தது. தலைமைப் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர் முதல் ஒன்பது ஆட்டங்களில் இளைஞரை வெளியே அமர்த்தியிருந்தார். பின்னர் களத்தில் இறக்கினார். இறங்கிய ஏழு ஆட்டங்களிலும் தோல்வி. அந்த ஏழு ஆட்டங்களில் மட்டும் 26 முறை பந்துடன் வீழ்த்தப்பட்டார். இடையிலேயே, டிசம்பரில், ஃபிஷர் பதவி நீக்கப்பட்டார். அவ்வாண்டு மொத்தமுள்ள 32 அணிகளுள் மிகக் குறைந்த புள்ளிகள் ஈட்டியது ராம்ஸ் அணியே. இவ்விளைஞர் தேறமாட்டார் என்று எழுதியவர் பலர்.

அடுத்த ஆண்டு ஷான் மெக்வே வந்தார். பதவியேற்றபோது அவருக்கு வயது 30. மாணவரைவிட எட்டு ஒன்பது வயதே மூத்தவர். அவர் செய்த ஏற்பாடு எளிமையானது. அணியினரை விரைந்து வரிசையில் நிற்கச் செய்து, கருவி ஓய்வதற்கு முன் எஞ்சிய நொடிகளில் எதிரணி நிற்கும் நிலையைத் தாமே பார்த்து, இன்னதைக் கவனி, இன்னதைச் செய் என்று இளைஞர் செவியில் கூறினார். குழப்பம் நீங்கியது, குழப்பம் நீங்கிய இடத்தில் துணிவு தானாகத் தோன்றியது. 2016-இல் கடைசியில் நின்ற அணி 2017-இல் 478 புள்ளிகளுடன் எல்லா அணிகளிலும் முதலிடம் பெற்றது. நல்ல துணை ஆட்டக்காரர்களும் அவ்வாண்டு வந்து சேர்ந்தனர் என்பதை மறைக்கலாகாது. எனினும் களத்தில் நின்ற இளைஞர் அதே இளைஞர்தாம். அணி 2018-ஆம் ஆண்டுப் பருவத்தில் சூப்பர் பௌல் என்னும் இறுதிப் போட்டிக்கே சென்றுவிட்டது.

இதுவரை கேட்ட வாசகர்கள், இதமாக வழி காட்டுபவரே வெல்வார் என்று இக்கட்டுரை முடியப்போவதாக எண்ணக்கூடும். நாமும் அப்படித்தான் எண்ணினோம். அதற்கு மறுப்பாக நம் வாழ்விலேயே ஒன்று நடந்திருந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஒரு பயிற்சி நிறுவனத்தில் நாம் பணியாற்றியபோது, பயிற்சி மாணவி ஒருவர் ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். கரும்பலகையில் ஒரு கூட்டலில் பிழை நேர்ந்தது. கடைசி வரிசையில் அமர்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்த நாம் எழுந்து, பிள்ளைகள் முன்னிலையிலேயே அதனைத் திருத்தினோம். கடுஞ்சொல் ஒன்றும் கூறவில்லை. ஆனால் எஞ்சிய நேரம் முழுவதும் அவர் ஒவ்வொரு வரி எழுதிய பின்னும் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பிக் கடைசி வரிசையையே பார்த்தார். மனம் உறுத்தியது. அதற்கு ஈடு செய்வதாக எண்ணி, பின்வந்த வாரங்களில் அவருடைய பாடக் குறிப்பேட்டை வரி வரியாக நாமே செப்பனிட்டுக் கொடுத்தோம். எவ்விடத்தில் எவ்வினா, எவ்விடத்தில் எப்படம் என்று சொல்லிக் கொடுத்தோம். பாடங்கள் பழுதின்றி நடந்தன. பாராட்டினோம். அவர் முகம் மலர்ந்ததைக் கண்டு நமக்கும் பெருமைதான். செய்முறைத் தேர்வு நாளன்று வெளியூர்த் தேர்வாளர் வந்தார். நாம் வெளியே நின்றோம். ஒரு சிறுவன், குறிப்பேட்டில் இல்லாத வினா ஒன்றைக் கேட்டுவிட்டான். அம்மாணவி வாய் திறக்கவில்லை. பழக்கத்தில் கடைசி வரிசையைப் பார்த்தாராம். அங்கே யாருமில்லை.

கடிந்தபோது அவர் நம்மைப் பார்த்தார். அணைத்தபோதும் நம்மையே பார்த்தார். இரண்டிலும் நாம் செய்தது ஒன்றுதான் என்பது விளங்க நமக்கு ஆண்டுகள் பல தேவைப்பட்டன.

2019 பிப்ரவரி 3-ஆம் நாள் அட்லாண்டா நகரில் நடந்த அந்த இறுதிப் போட்டியைப் பேரனின் உதவியால் பதிவில் கண்டோம். எதிரே இருந்தது நியூ இங்கிலாந்து அணி; அதன் பயிற்சியாளர் பில் பெலிசெக் மிக முதிர்ந்த அனுபவசாலி. கருவி ஓயும்வரை தம் அணியின் உண்மையான நிலையை மறைத்து, ஓய்ந்தபின் மாற்றிக்கொள்ளும் உத்தியை அவர் கையாண்டார் என்று விளையாட்டு எழுத்தாளர்கள் விளக்கியுள்ளனர். பருவம் முழுவதும் புள்ளிகளைக் குவித்த ராம்ஸ் அணி அன்று எடுத்தது மூன்றே புள்ளி. 13-3 என்ற கணக்கில் தோல்வி. தோல்விக்குக் காரணங்கள் பல இருக்கும். எனினும், செவியில் ஒலித்த குரல் நின்றபின் அவ்விளைஞர் தயங்கி நின்ற காட்சியில் நாம் கண்டது பின்னக் கணக்கு நடத்திய நம் மாணவியைத்தான்.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். கடுமையே ஆளை உருவாக்கும் என்போர் நியூயார்க் ஜெயண்ட்ஸ் அணியின் பில் பார்செல்ஸைச் சான்று காட்டுவர். அவர் நாக்குக் கூர்மையானது. ஃபில் சிம்ஸ் என்னும் குவார்ட்டர்பேக்கை 1983-இல் ஒதுக்கி வேறொருவருக்கு இடமளித்தார். சிம்ஸ் மனம் கசந்து வேறு அணிக்கு அனுப்பிவிடும்படி கேட்டார். பிறகு அதே சிம்ஸ், அதே பார்செல்ஸின் கீழ், 1987 ஜனவரியில் நடந்த இறுதிப் போட்டியில் எறிந்த 25 பந்துகளில் 22 பந்துகளைக் குறி தவறாமல் சேர்த்து வாகை சூடினார். கடுமைக்கு இதனினும் வெற்றி வேண்டுமோ?

அவசரப்படாமல் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்போது சிம்ஸுக்கு வயது 31. அவர் வாய்மூடி நின்றவரும் அல்லர். களத்தின் ஓரத்தில் பயிற்சியாளர் கத்தினால் இவரும் திருப்பிக் கத்துவார். தொலைக்காட்சி பார்த்த நாடே அதனை அறியும். எதிர்த்துப் பேசும் உரிமை உள்ளவனிடம் காட்டும் கடுமை வேறு. இல்லாதவனிடம் காட்டும் கடுமை வேறு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையோ, பயிற்சி மாணவியோ, முதலாண்டு ஆட்டக்காரரோ திருப்பிக் கத்த முடியாது. இன்னொன்றும் உண்டு. அடி வாங்கித்தான் ஆளானேன் என்று கூற மேடையேறுவோர் ஆளானவர்களே. ஆகாமற்போனவர்களை எவரும் மேடைக்கு அழைப்பதில்லை. நம் பள்ளிகளிலும் இந்தக் கணக்கு இப்படித்தான் தவறாகப் போடப்பட்டு வந்தது.

காஃப்பின் கதைக்குத் திரும்புவோம். இறுதிப் போட்டிக்குப் பின் அவர் ஆட்டம் தளர்ந்தது. 2020 நவம்பரில் ஒரு தோல்விக்குப் பின், குவார்ட்டர்பேக் பந்தை இன்னும் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று செய்தியாளர் முன்னிலையில் மெக்வே வெளிப்படையாகக் கூறினார். டிசம்பரில் காஃப்பின் கட்டை விரல் முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. பன்னிரண்டே நாளில், ஜனவரி 9 அன்று, மாற்று ஆட்டக்காரர் காயமுற்றதால் அவ்விரலுடனேயே களமிறங்கி அணியை வெல்லச் செய்தார். அம்மாதம் முடிவதற்குள் அவரை டெட்ராய்ட் நகரின் லயன்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு மாத்யூ ஸ்டாஃபர்டு என்பவரைப் பெற்றுக்கொள்ள ராம்ஸ் அணி முடிவு செய்தது. அடுத்த பருவத்திலேயே ராம்ஸ் சூப்பர் பௌலை வென்றது.

இங்கேதான் வினா நெஞ்சில் தைக்கிறது. முடிவை மட்டும் பார்த்தால் மெக்வே செய்தது சரி, கோப்பை கிடைத்துவிட்டதே! ஆனால் ஓர் இளைஞரின் துணிவைத் தம் குரலின்மேல் கட்டி எழுப்பியவர், அக்குரலை ஒரு நாள் பலர் அறியத் திருப்பிக்கொண்டால், அவர் எடுத்துக்கொண்டது தம்முடைய பொருளையா, பிறருடைய பொருளையா? அணியை மாற்றும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அதை நாம் மறுக்கவில்லை. மாற்றிய விதமே நம்மை உறுத்துகிறது. அந்நாள்களில் இன்னும் தெளிவாகப் பேசியிருக்க வேண்டும் என்று மெக்வே பின்னாளில் தாமே ஒப்புக்கொண்டார். ஆசிரியர் ஒருவர் பிழையை ஒப்புக்கொள்வது எளிதன்று. அதற்காக அவரை மதிக்கிறோம்.

டெட்ராய்ட்டில் காத்திருந்தவர் டான் கேம்பல். முன்னாள் ஆட்டக்காரர், முரட்டுத் தோற்றம். பதவியேற்ற அன்றே, தம் அணியினர் வீழ்ந்தாலும் எழும்போது எதிரியின் முழங்காலைக் கடித்துவிட்டு எழுவர் என்னும் பொருள்படப் பேசியவர். நம் செவிகளுக்கு ஏற்ற பேச்சன்று! ஆனால் சொல்லில் இருந்த முரட்டுத்தனம் தம் மாணவரை நடத்துவதில் இல்லை. 2021-இல் முதல் பதினோர் ஆட்டங்களில் ஒன்றுகூட வெற்றியில்லை. பத்துத் தோல்வி, ஒன்று சமன். அப்போதும் காஃப்பை அவர் கைவிடவில்லை. மறு ஆண்டு பென் ஜான்சன் என்னும் இளைஞர் தாக்குதல் ஆட்டத் திட்டங்களுக்குப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு காஃப் எறிந்து பெற்ற டச்டவுன்கள் 29. எதிரணியிடம் இழந்தவை 7 மட்டுமே.

2024 ஜனவரி 14 அன்று டெட்ராய்ட்டில், தம்மை வேண்டாமென்ற அதே ராம்ஸ் அணியை, அதே மெக்வேயை, அதே ஸ்டாஃபர்டை எதிர்த்து காஃப் ஆடினார். 24-23 என லயன்ஸ் வென்றது. முதன்மைச் சுற்றில் அவ்வணி ஓர் ஆட்டத்தை வென்று 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆடை மாற்றும் அறையில் கேம்பல் ஆட்டப் பந்தை காஃப் கையில் கொடுத்து, இந்நகருக்கு நீ போதுமானவன் என்னும் கருத்துப்படக் கூறினார். இடையில் இப்பக்கங்களில் அச்சிடத் தகாத சொல் ஒன்றும் இருந்தது. பேரன் அவசரமாக ஒலியைக் குறைத்துவிட்டான்.

வெற்றி நாளில் பாராட்டுவது எவர்க்கும் எளிது. 2024 நவம்பர் 10-ஆம் நாள் ஹூஸ்டனில் நடந்ததையே நாம் பெரிதாக எண்ணுகிறோம். அன்று காஃப் எறிந்த பந்துகளில் ஐந்து எதிரணியிடம் சிக்கின. இடைவேளையில் 23-7 எனப் பின்தங்கியிருந்தனர். கேம்பல் அவரை வெளியே அழைக்கவில்லை. ஆட்டம் 26-23 என லயன்ஸ் வெற்றியில் முடிந்தது. மறு வாரம் ஜாக்சன்வில் அணிக்கு எதிராக 52-6. காஃப் நான்கு டச்டவுன்கள் எறிந்தார். எப்போதும் இப்படியே நடந்ததென்று கொள்ள வேண்டா. அதே பருவத்தில், 2025 ஜனவரியில், வாஷிங்டனிடம் மூன்று பந்துகளைப் பறிகொடுத்து அணி தோற்று வெளியேறியதும் உண்டு.

அத்தோல்விக்குப் பின் சில நாள்களிலேயே பென் ஜான்சன் சிகாகோ அணியின் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். மூன்றாண்டுகள் காஃப்புக்குத் திட்டம் வகுத்துக் கொடுத்தவர் இப்போது எதிர்வரிசையில். அவர் இல்லாமல் காஃப் என்ன செய்வார் என்ற பேச்சு எங்கும் எழுந்தது. எமக்கும் அதே கவலைதான். கடைசி வரிசை மீண்டும் வெறுமையாயிற்றே! 2025 செப்டம்பர் 14 அன்று இரு அணிகளும் டெட்ராய்ட்டில் சந்தித்தன. பேரன் தொலைபேசியில் முடிவைச் சொன்னான்: லயன்ஸ் 52, சிகாகோ 21. காஃப் எறிந்தவை ஐந்து டச்டவுன்கள்.