போதும் என்று யார் சொல்வது?

போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து. ராஜபாளையத்தில் படிக்கும்போது வகுப்புச் சுவரில் எழுதியிருந்தது. காலத்தால் அழியாத உண்மை என்றார் வாத்தியார். எழுதிவைத்தேன்.

எங்க ஊர் அங்கேயிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழி. பாட்டி அறுப்புக்குப் போவாள். களத்தில் கூலி நெல்லைத் தலைதட்டி அளந்துவிட்டு, நெலத்துக்காரரும் இதே வாசகத்தைத்தான் சொல்வாராம். ஒருநாள் பாட்டி கேட்டுவிட்டாள்: "ஏஞ் சாமி, ஒங்க குதிருக்கு எப்பப் போதும்னு சொல்லுவீக?" மறுநாள் அந்தக் களத்தில் அவளுக்கு வேலை இல்லை.

ஆனால் அதே பாட்டி ராத்திரி எங்க எல்லோருக்கும் கஞ்சியை ஊற்றிவிட்டு, அரை வட்டிலோடு உட்கார்ந்து "எனக்குப் போதும்யா" என்பாள். பொய்தான். அந்தப் பொய்யில் இருந்த அறம், களத்தில் சொல்லப்பட்ட உண்மையில் இல்லை. எம்.ஏ.யில் நீதி நூல்களை உரையோடு படித்தேன். யார் யாரைப் பார்த்துச் சொன்னது என்று எந்த வகுப்பிலும் யாரும் கேட்கவில்லை. நானுந்தான்.

அம்பேத்கர் கேட்டிருக்கிறார். அவர் மறைந்தபின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், புத்தர் வறுமையைப் புனிதமாக்கவில்லை என்கிறார். மனநிறைவு என்றால் கெடக்கிற நெலமைக்குப் பணிந்து கெடப்பதல்ல, எல்லையில்லாப் பேராசைக்கு ஆட்படாதிருப்பது. அப்படியானால் அந்த வாசகம் குதிர் வைத்திருப்பவனுக்கு உரியது.

பாட்டி வேற களத்துக்குப் போனாள். அங்கேயும் நெல் அளக்கையில் படியையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.