ஆற்றுக்கு ஓய்வு, மலைக்கு வேலை

பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வந்ததால் ஆறு பிழைத்தது என்கிறார்கள். பாதி உண்மை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மணல் குவாரிகளை ஆறு மாதத்துக்குள் மூடச் சொன்னது. அதற்கு முன்பே நல்ல ஆற்று மணல் குதிரைக்கொம்பாகிவிட்டது. கொத்தனார்கள் முணுமுணுத்துக்கொண்டே கிரஷர் மணலுக்கு மாறினார்கள். பாலாற்றுக்காக வருந்தியவர்களும் மனம் லேசாகி, வாசலில் ஒரு யூனிட் இறக்கிக்கொண்டார்கள்.

வெடிவைத்துப் பெயர்த்த பாறை ஜா கிரஷரில் உடைந்து, கோன் கிரஷரில் சிறுத்து, கடைசியில் வி.எஸ்.ஐ. இயந்திரத்துக்குள் விழுகிறது. உள்ளே சுழலும் ரோட்டர் கல்லைக் கல்லின் மீதே வீசியடிக்க, கூர்முனைகள் மழுங்குகின்றன. ஆறு யுகக்கணக்கில் உருட்டிச் செய்ததை இயந்திரம் நொடிகளில் முடிக்கிறது. 4.75 மி.மீ. சல்லடையில் இறங்குவது மணல். அதைக் கழுவித் தூசியை நீக்க வேண்டும். கழுவாமல், வெறும் கிரஷர் தூசியையே எம்-சாண்ட் என்று ஏற்றி அனுப்புகிறவர்களும் உண்டு. ஈரத்தோடு ஒரு பிடி எடுத்துக் கசக்கி உதறினால் போதும், உள்ளங்கையில் மாவாக ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். 150 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூள், நொறுக்கிய கல் மணலில் 20 விழுக்காடு வரை இருக்கலாம் என்று இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 383 சலுகை தருகிறது. சிலர் அந்தச் சலுகையை இலக்காகவே எடுத்துக்கொண்டார்கள். பறந்துபோகும் தூசிக்குச் சல்லடை கிடையாது; அது மூக்கில் துண்டு கட்டி நிற்கும் கூலியாட்களின் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் ஆகிறது.

சென்னைக்குப் பக்கத்தில், பல்லாவரம், திரிசூலம் குன்றுகளின் கருங்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே வகை என்பதால், 1893-ல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. கல்லின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். பரங்கிமலைப் பக்கம் அதன் ஒரு துண்டைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் வெட்டியெடுத்த மிச்சமும் பத்திரமாகத்தான் இருக்கிறது, நகரத்தின் தூண்களுக்குள்ளும் தளங்களுக்குள்ளும்.

ஆற்றில் அள்ளியதை, அணைகள் வழிவிட்டால், வெள்ளம் கொஞ்சமாவது திருப்பிக் கொண்டுவரும். மலையில் எடுத்தது எடுத்ததுதான். மிஞ்சுவது குழி. அதையும் நாம் வீணாக்கவில்லை. 2017 வறட்சியில் சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட குவாரிகளில் தேங்கிய நீரைச் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். பாறைக்காகத் தோண்டிய பள்ளம் ஏரியின் வேலையைப் பார்த்தது. ஏரிகள் இருந்த சில இடங்களில் அந்தப் பாறையால் எழுந்த வீடுகள் நின்றன.

2023-ல் தமிழக அரசு எம்-சாண்டுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. வரவேற்க வேண்டியதே, தரமற்ற தூசியால் எழுப்பிய சுவரில் குடியிருப்பவருக்கு அது உயிர்ப்பிரச்சினை. 2025 ஏப்ரலில் கனிம வள நிலத்துக்கான வரி வந்தபோது குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். யூனிட்டுக்கு எவ்வளவு ஏறும் என்று வீடு கட்டுகிறவர்கள் தவித்தார்கள். கடன் வாங்கி அஸ்திவாரம் போட்டவரின் தவிப்பில் தவறு சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஒரு யூனிட்டின் விலையில் வெடி, டீசல், மின்சாரம், லாரி வாடகை, வரி எல்லாம் அடங்கியிருக்கின்றன. குன்றுக்கு என்று தனியாக ஒரு வரி அந்த ரசீதில் இல்லை.