கணபங்கமும் கணினி நினைவகமும்

நிலைத்த பொருள் ஒன்று இல்லாமல் நினைவு நிற்குமா என்பது இந்தியத் தத்துவ மரபில் பௌத்தரும் நியாயத் தத்துவத்தாரான நையாயிகரும் பல நூற்றாண்டுகள் வழக்காடிய கேள்வியாகும். உள்ளவை யாவும் தோன்றிய கணத்திலேயே அழிந்து, தம்மை ஒத்த அடுத்த கணத்துப் பொருளுக்குக் காரணமாகின்றன என்னும் கணபங்க வாதத்தைப் பௌத்தர் முன்வைத்தபோது, கண்டவன் அக்கணமே மறைந்துவிட்டால் பின்னர் நினைப்பவன் யார் என்று நையாயிகர் திருப்பிக் கேட்டனர். அனுபவம் ஆன்மாவில் சமஸ்காரம் என்னும் பதிவை விட்டுச் செல்கிறது என்றும், தக்க தூண்டுதல் நேரும்போது அதிலிருந்து நினைவு எழுகிறது என்றும் அவர்கள் கொண்டனர். பதிவு தங்கவேண்டுமானால் அதைத் தாங்கும் ஆதாரமும் தங்கியாக வேண்டும் என்பதே இவ்வாதத்தின் உயிர்நாடி. தமிழில் அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கமும் பௌத்தரில் ஒரு பிரிவினரான சவுத்திராந்திகரை மறுக்குமிடத்தில் இக்கணபங்கத்தோடு மோதுகிறது.

கணினியின் சேமிப்புக் கருவிகளை இவ்வழக்கில் சாட்சிக்கு அழைத்தால், முதற்பார்வையில் அவை நையாயிகர் பக்கமே பேசும். வன்தட்டின் காந்தப் படலத்தில் நுண்பகுதிகள் கொண்ட திசையும், பென்டிரைவிலுள்ள ஃபிளாஷ் நினைவகத்தில் மின்கடத்தாப் பொருளுக்குள் அடைபட்ட மின்னூட்டமும் மின்சாரம் நின்ற பின்னும் மாறாதிருப்பதால், அவற்றை ஆதாரத்தில் தங்கிய பதிவு என்றே சொல்லலாம். (ஃபிளாஷின் மின்னூட்டமும் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசியும் என்பது வேறு செய்தி.)

கணினி இயங்கும்போது நிரல்களும் தரவுகளும் தங்கும் டிராம் என்னும் முதன்மை நினைவகமோ இதற்கு நேர்மாறானது. 1966இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் கருக்கொண்டு, 1968இல் காப்புரிமை பெற்ற இவ்வமைப்பில், 0 அல்லது 1 என்னும் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு சிறு மின்தேக்கியும் சேர்ந்த அறையில் மின்னூட்டமாக வைக்கப்படுகிறது; அது தானே கசிந்துவிடுவதால், வழக்கமான வெப்பநிலையில் 64 மில்லிவிநாடிக்கு ஒருமுறையேனும் ஒவ்வோர் அறையும் படிக்கப்பட்டு மீண்டும் எழுதப்படுகிறது. படிக்கும் செயலே மின்னூட்டத்தைக் குலைத்துவிடுவதால், படித்ததை உடனே திருப்பி எழுதுவதும் படிப்பின் ஒரு பகுதியாகிறது. 1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினி இதையும் விஞ்சியது: பாதரசக் குழாயின் வழியே ஒலித்துடிப்புகளாக ஓடிய தரவு, மறுமுனையில் மின்துடிப்பாக மாறிச் சீர்செய்யப்பட்டு மீண்டும் முதல் முனைக்கே அனுப்பப்பட்டதால், அதில் ஓட்டமே சேமிப்பாக இருந்தது.

முந்தியது பிந்தியதற்குத் தன் வடிவத்தைக் கொடுத்து அழியும் தொடர்ச்சியைப் பௌத்தர் சந்தானம் என்றனர். செய்தி நிலைப்பதற்கு அது போதும் என்பதற்கு டிராம் நல்ல சான்று. மின்தேக்கியும் புதுப்பிக்கும் சுற்றும் நிலைத்தவை அல்லவா என்று நையாயிகர் தடுக்கலாம். அவையும் கணந்தோறும் மாறுபவையே என்று பௌத்தர் விடை கூறுவர். வழக்கு அவ்விடத்தில் முன்னேறாது.

நையாயிகரின் வலுவான வாதம் வேறொன்று. கண்ணால் கண்ட பொருளையே பின்னர் கையால் தொட்டு அறியும்போது, கண்டவனும் தொடுபவனும் நானே என்ற உணர்வும் உடன் எழுகிறது. ஒருவர் கண்டதை மற்றொருவர் நினைப்பதில்லை. கணினியிலோ ஒன்று எழுதியதை மற்றொன்று எவ்வேறுபாடுமின்றிப் படிக்கிறது. ஆகவே அதிலிருப்பது பதிவே தவிர நினைவு ஆகாது. இந்த இடத்தில் பௌத்தருக்கும் இடர்ப்பாடு உண்டு. ஒரு சந்தானத்தின் அனுபவம் மற்றொரு சந்தானத்தில் நினைவாக எழாது என்பது அவர்கள் வகுத்த வரம்பு. ஆனால் ஒரே கோப்பு இரண்டு கருவிகளில் நகலெடுக்கப்படும்போது, இரண்டும் முதற்பதிவிலிருந்து காரணத்தொடர் அறாமல் வந்தவையே. அவற்றுள் எது பழைய தொடர், எது புதியது என்று காரணகாரியத் தொடர்பை மட்டும் கொண்டு பிரித்துக் கூற இயலாது. தொடர்ச்சியை ஒருமையாக்குவது எது என்ற வினாவுக்குக் காரணகாரியத்துக்கு அப்பால் வேறு விடை தேட வேண்டிய பொறுப்பு, இந்த எடுத்துக்காட்டால், சந்தானத்தை நம்புவோர் தலையிலேயே விழுகிறது.