அடிநிலம் யாருடையது?

பினாங்குக் கடைத்தெருவில் நடமாடும் தமிழருள் எத்தனையோ பேரின் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலேறி இங்கு வந்திறங்கியவர்கள். அவர்கள் விட்டுவந்த காவிரிக் கழனிகளைப் பற்றி நாம் எழுதினால், “கடலுக்கப்பால் நடக்கும் விஷயம் நமக்கெதற்கு?” என்று கேட்பாருண்டு. நமக்கும் வேண்டிய விஷயமே. எப்படியென்பது பின்னே விளங்கும்.

பூமிக்குள் பல்லாயிரம் அடி ஆழத்திலே ஷேல் என்னும் களிப்பாறையில் எரிவாயு அடைபட்டுக் கிடக்கிறது. துளையிட்டு, நீரும் மணலும் இரசாயனங்களும் கலந்து பேரழுத்தத்தோடு செலுத்திப் பாறையைப் பிளந்தால் வாயு வெளிப்படும். இதற்கு வேண்டிய நீரோ ஏராளம். திரும்பி மேலே வருவதோ உப்பும் நஞ்சும் கலந்த கழிவு. பிரான்சு தேசம் 2011-இல் இம்முறையைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. இந்திய சர்க்கார் 2016-இல் வகுத்த கொள்கையோ, சாதாரண எண்ணெய்க்கும் ஷேல் வாயுவுக்கும் நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கும் ஒரே உரிமம் போதுமென்றது.

மன்னார்குடி வட்டாரத்து மீத்தேன் திட்டத்திற்கு 2010-இல் ஒப்பந்தமானது. உழவர் எதிர்த்த பின்னரே அது நின்றது. 2017-இல் நெடுவாசல் கிராமம் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தது. அவ்வாண்டு ஜூன் 30-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தது. கிளர்ந்த ஊராரில் சிலர் சிறை சென்றனர்.

சர்க்கார் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. அடிநிலத்துப் பொருள் தேசத்தார் அனைவருக்கும் பொது. கச்சா எண்ணெயின் பெரும்பகுதியை இந்தியா அன்னிய நாடுகளில் வாங்குகிறது. எரிவாயு அடுப்பில் சமைத்துக்கொண்டே எரிவாயுவைப் பழிப்பது நமக்கும் அழகன்று. ஆனால் பொதுப்பொருள் என்று சொல்லுகிறவர், அப்பொருளின்மேல் குடியிருப்பவனைப் பொதுமக்களுள் ஒருவனாக எண்ணவேண்டாமா? 2020 ஜனவரி 16-இல் வந்த மத்திய அறிவிப்பு, எண்ணெய், எரிவாயு தேடும் துளைகளுக்கு மக்கள் கருத்துக் கேட்க வேண்டுவதில்லை என்றது. தேடுவது தானே, எடுப்பதல்லவே என்பது வாதம். பெரும்பணம் செலவிட்டுத் தேடிக் கண்டெடுத்தபின், “ஊரார் வேண்டாமென்கிறார்கள்” என்று எவன் திரும்பிப் போவான்? கேள்வி கேட்கும் காலம் துளையிடுவதற்கு முன்னேதான்.

அடுத்த மாதமே, பிப்ரவரி 20-இல், தமிழ்நாட்டுச் சட்டசபை டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் மசோதாவை நிறைவேற்றியது. நாம் மகிழ்ந்தோம், முழுதும் மகிழ முடியவில்லை. முன்னமே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அச்சட்டம் தொடவில்லை. மேலும், மேலிருந்து அருளிய பாதுகாப்பை மேலிருந்தே பறிக்கவும் கூடும். உழவன் வேண்டியது தயவன்று, சம்மதம் சொல்லவும் மறுக்கவுமான பாத்தியதை.

நம் பினாங்கு வீட்டுக் குழாயில் வரும் நீரின் பெரும்பகுதி மூடா ஆற்றினுடையது. அவ்வாறு கெடாவின் (பழைய கடாரந்தான்) உலு மூடாக் காட்டிலிருந்து வருகிறது. அக்காட்டின் மரத்திற்கும் மண்ணிற்கும் உரிமம் தரும் அதிகாரம் கெடா மாநிலத்தாருடையது. குடிப்பவர் நாம், வாக்கோ நமக்கு அங்கில்லை.